அக்கா திரும்பப் பெற்றுக்கொண்ட நட்சத்திரம்

அக்கா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்று வந்து நிற்கும் உறவுகளுக்கும், வர முடியாமல் இந்த நினைவு மலரைத் தபாலில் வாங்கிப் படிப்பவர்களுக்கும் கூடப்பிறந்த தம்பியின் வணக்கம். நான் எட்டாவதோடு நின்றவன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். பஞ்சர் ஒட்டக் காத்திருக்கிறவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த தமிழ் என்னுடையது. எழுத்தில் பேச்சு கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா திருப்புலிவனத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் நைனா நெல்லும் வேர்க்கடலையும் போட்டுப் பிழைத்தவர். அக்கா உத்திரமேரூரில் ஹைஸ்கூல் முடித்து, மதராசில் ஹாஸ்டலில் தங்கிப் பௌதிகம் படித்தார். வயசு வந்த பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று சொந்தத்தில் கேட்காதவர் குறைவு. நைனா ஏர் ஓட்டிக்கொண்டே பதில் சொல்வார்: "அது படிக்குது, நான் உழுவறேன். நடுவுல உனக்கு இன்னா பேஜாரு?"

எழுபதுகளில் அக்காவுக்கு மலைமேல் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்தது. வெடித்துப்போன நட்சத்திரங்களின் மிச்சத்தை ஆராய்வதுதான் வேலை. ஊரில் எல்லோரும் அக்கா கண்ணாடிக் குழாயில் வானத்தைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை. பெரிய கம்பிவலை ஒன்று வானத்தின் சத்தத்தைப் பிடிக்கும். நகர்ந்துகொண்டே இருக்கும் காகிதத்தில் பேனா ஏறி இறங்கிக் கோடு போடும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் எல்லாம் சொல்ல வேண்டும். இதைக் கேட்ட அம்மா, "அப்ப வானத்துக்கு நாடி புடிச்சிப் பாக்கற வேலைன்னு சொல்லு" என்றார். மலையில் எத்தனையோ பெரியவர்கள் விளக்கினார்கள், ஒருவரும் இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை என்று அக்கா சிரித்தார்.

மாப்பிள்ளை பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாம் வேலையை விடச் சொன்னார்கள். அக்கா விடவில்லை, அவர்கள் திரும்பி வரவும் இல்லை. அதை வைத்து அம்மா அழுத அழுகை தனிக்கதை, இங்கே வேண்டாம்.

சில வருடங்களில் அக்கா ஒன்றைக் கண்டார். அந்தக் கோடுகளையெல்லாம் சேர்த்து வரைந்து பார்த்ததில், வானத்தில் யாரும் குறித்து வைக்காத இடத்தில் மங்கலாக ஒரு வட்டம். வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம் அது என்று கட்டுரை எழுதினார். வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. எங்கள் ஊருக்கு அது போதாதா? நைனாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, ஊர்க் காரியங்களை முன்னால் நின்று செய்கிறவர். பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா வைத்தார். மேளம் உண்டு, மாலை உண்டு. சுவரில் ஆள் உயரத்துக்குப் பெயிண்டில், 'வெடித்த நட்சத்திரம் கண்ட நம் ஊர்ப் புதல்வி' என்று எழுதி அக்கா பெயரையும் போட்டார்கள். நைனா கழனிக்குப் போகிற வழி அதுவல்ல. ஆனாலும் அன்றிலிருந்து அந்த வழியாகத்தான் போனார். அந்தப் பெருமையோடே எண்பதுகளின் தொடக்கத்தில் கண்ணை மூடினார்.

அதற்கு அப்புறம் வந்ததைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

அக்கா அந்த வட்டத்தை விடாமல் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தார். அளக்க அளக்க ஏதோ இடறியது. கூட்டத்தில் ஒருவர் பேசுவதைக் கேட்கும்போது பக்கத்து ஆளின் குரலும் சேர்ந்து காதில் விழுமே, அதுபோல வேறொன்றின் சத்தம் முதல் கணக்கில் கலந்துவிட்டிருந்தது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அது வெடித்த நட்சத்திரத்தின் மிச்சமே இல்லை. உயிரோடு இருக்கிற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிர்கிற வெறும் வாயு. வானத்தில் அப்படி நிறைய இருக்கிறதாம். வேறு யாரும் கவனிக்கவில்லை. பேசாமல் இருந்தால் வேலை நிரந்தரமாகும் நேரம் அது. கூட இருந்தவர்கள் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள். அக்கா பொறுக்கவில்லை. முன்னால் நான் எழுதியது தவறு என்று அதே பத்திரிகையில் எழுதினார். வேலை நிரந்தரமாகவில்லை.

ஊருக்கு வந்து சொன்னபோது, அம்மா முகம் மலர்ந்து, "உயிரோட கீதுன்னா நல்லதுதானம்மா? அதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?" என்று கேட்டார். அக்கா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அன்று சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். சுவரில் இருப்பதை அழித்துவிடச் சொன்னார். பெரியப்பாவுக்குக் கோபமே வரவில்லை, சின்னப் பிள்ளைக்குச் சமாதானம் சொல்வதுபோலப் பேசினார்.

"விடும்மா. இந்த ஊர்ல எவன் மேல போய்ப் பாத்துட்டு வரப்போறான்?"

"நான் பாத்துட்டேன் பெரியப்பா."

அவர், "உங்க நைனா அந்த எழுத்தப் பாத்துக்கினே போய்ச் சேந்தான். அத அழிக்கச் சொல்றியா?" என்றார்.

"நைனா பாத்தது பொய்யி. அதக் காட்டினது நான். அதான் அழிக்கச் சொல்றேன்."

பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா முடித்துவிட்டார். பொங்கலுக்குச் சுண்ணாம்பும் அடித்தார்கள், எழுத்துகளை மட்டும் விட்டுவிட்டு. அடித்தவரிடம் நான் கேட்டதற்கு, அந்த எழுத்துமேல் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது என்று பெரியப்பா உத்தரவாம்.

தற்காலிக வேலையிலேயே மலையில் ஓட்டிக்கொண்டிருந்த அக்கா ஊர் திரும்பியது நோயோடுதான். வயிற்றில் கட்டி. காஞ்சிபுரத்தில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். படுத்த படுக்கையிலும் அந்தச் சுவரைப் பற்றியே கேட்பார். நான் ஒருநாள் ஆறுதலாக, இத்தனை வருஷம் உழைத்தது வீணாகுமா அக்கா என்றேன். "வீணாத்தாண்டா போச்சி. வீணாப் போனத வீணாப் போச்சின்னு சொல்ல வுடு. அதையும் புடுங்கிக்காதீங்க" என்றார்.

அக்கா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன். பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு சுவரெதிரில் நின்றிருந்தார். மங்கியிருந்த எழுத்துகளுக்குப் புதுப் பெயிண்டு அடிக்க வைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பூ வேலை, மேலே ஒரு நட்சத்திரம். என்னைப் பார்த்ததும், "கொயந்தைக்கு நம்மால முடிஞ்சது" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். எண்பதைத் தாண்டியவர். அவர் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள்.

அக்காவின் பெட்டியை மலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அவருடைய தோழரிடம், இப்போது வானத்தில் அந்த வட்டத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை, தேவையும் இல்லை என்றார். பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லாமல் போன அந்த நல்ல மனிதருக்கு நன்றி. இரவும் பகலும் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் கஞ்சி கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், பாடையைச் சுமந்த தோள்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெரியப்பாவுக்கும்தான். அவர் செய்தது அத்தனையும் பாசத்தில்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்று பந்தியில் உட்காரும்போது, நட்சத்திரம் கண்ட பெண் என்று யாராவது அக்காவைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். பேச்செடுப்பவர் பெரியப்பாவாக இருந்தால் பேசாமல் சாப்பிடுங்கள். வேறு யாராக இருந்தாலும் மெதுவாகத் திருத்திவிடுங்கள். அக்கா நட்சத்திரம் எதையும் காணவில்லை. கண்டதாக நினைத்தார், தவறு என்று தெரிந்ததும் தானே சொன்னார். அதற்குப் பிறகு வேறு எதையும் காண அவருக்கு நாள் கிடைக்கவில்லை.