டீசல் என்ன, மட்டச் சரக்கா?

போன வாரம் என் அக்கா மகள் கௌரிக்குக் கல்யாணம். மாகறல் கோயிலில் காலை முகூர்த்தம். தாய்மாமன் என்ற ஹோதாவில் பெண்ணோடு காரில் போகிற பாக்கியம் எனக்கு. ஓட்டியவர் பெண்ணின் அப்பா, அதாவது அக்கா வீட்டுக்காரர், என் மாமா. சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கிறார். ஆயுள் முழுக்க ஸ்கூட்டர்தான். கல்யாணத்தை முன்னிட்டு ஒரு பழைய டீசல் கார் வாங்கியிருந்தார்.

வழியில் பங்க்கில் நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து, வேனில் முன்பே போய்விட்ட அக்கா போனில் கூப்பிட்டாள். பங்க்கில் போன் பேசக் கூடாதே... நல்ல பிள்ளையாக ரோட்டுக்கு வந்து பேசினேன். கௌரி பின் ஸீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேக்கப் போடுகிறவர்கள் விடியும் முன்பே எழுப்பிவிட்டார்களாம். ஆக, மாமாவைக் கண்காணிக்க ஆள் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் கார் இருமியது. குலுங்கியது. வயல்களுக்கு நடுவே நின்றேவிட்டது.

“மாமா, டீசல்தானே போட்டீங்க?”

“டீசலா?” நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிய மாதிரி பார்த்தார். “போர்டுல மூணு வெல போட்டிருந்தான் மச்சான். டீசல்தான் இருக்கிறதுலயே மட்டம். அதுக்கு மேல பெட்ரோலு. அதுக்கும் மேல என்னமோ ஸ்பெஷல் பெட்ரோலாம். எம் பொண்ணு கல்யாணம், நல்ல நாளும் அதுவுமா மட்டத்தப் போட மனசு வருமா? வெல ஒசந்ததாப் போடுப்பான்னுட்டேன். ஃபுல் டேங்க்!”

“அந்த ஆளு ஒண்ணும் சொல்லலையா?”

“‘டீசல் வண்டி மாதிரி இருக்குதே சார்’ன்னான். நமக்கு வாங்க வக்கில்லன்னு நெனச்சிக்கினான் போல. எனக்கு வந்திச்சு பாரு கோவம்...”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ‘வெல கம்மின்னா ஜரிகையில கலப்பு’ என்று தினமும் கடையில் சொல்லிச் சொல்லியே பழகிய வாய். புடவைக்குச் சரி. காருக்கு?

டீசல் விலை குறைவு என்பதால் அது மட்டச் சரக்கா என்ன? இரண்டும் ஒரே கச்சா எண்ணெயிலிருந்து பிரிகிறவைதான். ஆலையில் டீசலுக்கு ஆகிற செலவும் லேசுப்பட்டதல்ல. சில வெளிநாடுகளில் பங்க்கிலேயே டீசல்தான் விலை உசத்தி! நம் ஊரில் அது இளைத்துத் தெரிவதற்கு முக்கியக் காரணம் — வரி. பெட்ரோலுக்குக் கூடுதல், டீசலுக்குக் குறைவு. லாரி, பஸ், டிராக்டர் எல்லாம் டீசல். அது ஏறினால் கத்திரிக்காய் ஏறும். கத்திரிக்காய் ஏறினால் ஓட்டு இறங்கும். அவ்வளவுதான் பொருளாதாரம்.

என்ன ஒரு நியாயம் பாருங்கள்! மொபெட்டில் நூல் கட்டு வைத்து ஓட்டுகிறவர் பெரிய பணக்காரர் மாதிரி வரி கட்டுகிறார். வீடு மாதிரி டீசல் காரில் ஏஸி போட்டுப் போகிறவர் ஏழை விவசாயிக்கான சலுகையை அனுபவிக்கிறார். வாழ்க சமத்துவம்.

இந்த அரிய கருத்துகளை நடுரோட்டிலேயே மாமாவுக்கு எடுத்துச் சொன்னேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை. இன்ஜின் கெட்டுவிடும், வேண்டாம் என்று நான் கத்தக் கத்த, மறுபடி மறுபடி சாவியைத் திருகினார். இந்த முகூர்த்தத்தை விட்டால் அடுத்தது அடுத்த மாதம்தான். அவர் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

சத்தத்தில் கௌரி விழித்தாள். விஷயத்தைக் கேட்டாள். அப்பாவை ஒரு பார்வை... அவ்வளவுதான். பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய் ரோட்டில் கையை நீட்டினாள். வாழைத்தார் ஏற்றி வந்த குட்டியானை மினி லாரி ஒன்று நின்றது.

“கல்யாணப் பொண்ணா? முன்னாடி வந்து குந்தும்மா,” என்றார் டிரைவர். எங்களைப் பார்த்து, “நீங்க ரெண்டு பேரும் பின்னாடி ஏறுங்க. காய் நசுங்காம குந்துங்க” என்றார்.

அந்த மட்டமான டீசல், வாழைத்தாரோடு எங்களையும் ஜம்மென்று கோயில் வாசலில் கொண்டுபோய் இறக்கியது.

வாசலில் மாப்பிள்ளையின் அப்பா தவித்துக்கொண்டு நின்றார். முசரவாக்கத்து விவசாயி. சொந்த டிராக்டர் உண்டு.

“நேரம் முடியப் போவுது, ஓடியாங்க! காரு என்னாச்சு?”

“முதல் தரமான பெட்ரோலு சம்பந்தி... வண்டிக்குத்தான் ஒத்துக்கல,” என்றார் மாமா.

சம்பந்தி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நல்ல நேரம் முடிவதற்குள் தாலி ஏறிவிட்டது. அப்பா காலில் விழுந்து எழுந்த கௌரி, அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

“நல்ல வேளப்பா, மாப்ளய நானே பாத்துக்கினேன். ஒங்கிட்ட வுட்டிருந்தா, எவன் ரேட்டு ஜாஸ்தி கேக்கறான்னு பாத்து முடிச்சிருப்ப!”