பிரேக்குக்கு முன்னால் நிற்பவர்

ரப்பர் குழாயின் ஒரு முனை ஓடுகிற என்ஜினில் இருக்கிறது. மறு முனையைத் தன் இடது கன்னத்தில் வைத்துக்கொண்டு எத்திராஜ் கண்ணை மூடி நிற்கிறார். கன்னச் சதை கொஞ்சம் குழாய்க்குள் போகிறது. போன வேகத்தில் திரும்பி வருகிறது. "இழுப்பு பத்தாது சார்," என்கிறார். கன்னத்தில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்த வட்டம். வாரத்தில் மூன்று நாளாவது அந்த வட்டத்தோடுதான் ஜோகுபாளையம் டீக்கடைக்கு வருகிறார். யாரும் சிரிப்பதில்லை, பழகிவிட்டது. தெருவுக்குப் புதிதாக வந்த நான்தான் சிரித்தேன்.

என்ஜினின் காற்றிழுப்பை அளக்க மீட்டர் இல்லாமல் இல்லை. ஒரு வாடிக்கையாளர் அன்பளிப்பாகக் கொடுத்தது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சுவரில் சாமி படங்களுக்கு நடுவே தொங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் பொட்டு வைக்கிறார்கள். "அது நம்பரு சொல்லும். நம்பர வச்சிக்கினு நான் இன்னா பண்றது? கன்னம் நெஜத்த சொல்லும்," என்பது அவர் கட்சி.

ஐம்பத்திரண்டு வயதாகும் எத்திராஜ் பிரேக்கைத் தவிர வண்டியில் எதையும் தொடமாட்டார். ஹாரன் அடிக்கவில்லை என்றால்கூட, "அது வேற டிபார்ட்மென்ட்டு" என்று கையை விரித்துவிடுவார். "கெளம்பறது எல்லா வண்டியும் கெளம்பும் குரு. நிக்கணும்ல?" இப்படிப் பேசுகிறவரின் சைக்கிளில் முன் பிரேக்கும் இல்லை, பின் பிரேக்கும் இல்லை. செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துகிறார். கேட்டால், "அதான் கால் இருக்குதே" என்கிறார். வருஷத்துக்கு ஆறு ஜோடி செருப்பு வாங்குகிறார்.

கடையில் கியாரண்டிச் சீட்டு கிடையாது. வேலை முடிந்த வண்டியை ஞாயிற்றுக்கிழமை காலையில், தெருச் சரிவின் உச்சிக்குக் கொண்டுபோகச் சொல்வார். இவர் கீழே நடுரோட்டில் போய் நின்றுகொள்வார். வண்டிக்காரர் இருபது கிலோமீட்டர் வேகத்தில் இவரை நோக்கி வந்து பிரேக் போட வேண்டும். "நாளைக்கு உங்க உசுரு இத நம்பி ஓடப்போவுது. இன்னிக்கு என் உசுரு நிக்கட்டும்." வண்டிக்காரர்களுக்கு வேர்த்துக் கொட்டும். இவர் கொட்டாவி விடுவார். பதினெட்டு வருஷமாக ஒரு அடிகூட விலகியதில்லை என்று தெருவே சொல்கிறது.

அவர் மனைவி வனஜாவுக்கு இந்த வழக்கத்தைக் கண்டாலே ஆகாது. கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் இருக்கிறார். நாளெல்லாம் அடுத்தவர் தையலில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். "எங்க கம்பெனில பட்டன் தாங்குதான்னு மெஷின்ல போட்டு இழுக்கறோம். எவளாச்சும் சட்டைக்குள்ள பூந்துக்கினா பாக்கறா?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

போன மாதம் ஆராவமுதன் என்பவரின் வண்டி வந்தது. பாங்க்கில் ரிட்டயரானவர், ஐம்பத்தொன்பதாம் வருஷத்து அமெரிக்கக் கார் ஒன்றை, பாதித் தெருவை அடைத்துக்கொள்கிற நீளத்தில், வைத்திருக்கிறார். அது குடிக்கிற பெட்ரோலுக்குப் பயந்து, யாரிடமோ கொடுத்து வேனின் டீசல் என்ஜினை அதில் உட்கார வைத்துவிட்டார். இந்தக் காரில் பிரேக்குக்குத் துணையாகத் தோசைக்கல் அகலத்தில் ஒரு டப்பா உண்டு. பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பில்தான் அது காலுக்குப் பலம் கொடுக்கும். டீசல் என்ஜினுக்கு அந்த அளவு இழுப்பு கிடையாது. என்ஜினை மாற்றியவர்கள் இதை யோசிக்கவே இல்லை. பெடல் கருங்கல்லாகிவிட்டது. "பத்து மாசமா மிதிச்சு மிதிச்சு வலது தொடை மட்டும் பருத்துடுத்து எத்திராஜ். பேன்ட் ஏறமாட்டேங்கறது," என்று ஆராவமுதன் அழாத குறையாகச் சொன்னார்.

எத்திராஜ் கன்னத்தை வைத்துப் பார்த்தார். இருக்கிற சொற்ப இழுப்பைச் சேர்த்து வைக்கலாம் என்று, ஒரு சின்ன காலி கேஸ் சிலிண்டரைக் குழாயோடு இணைத்தார். ஞாயிறு காலை சரிவுக்குக் கீழே போய் நின்றார். ஆராவமுதன் வந்தார். முதல் மிதிக்கு வண்டி அழகாகத் தயங்கியது. அவரோ பத்து மாதப் பழக்கத்தில் காலை எடுத்து எடுத்து நாலு தடவை மிதித்தார். சேர்த்து வைத்த இழுப்பெல்லாம் இரண்டாவது மிதியிலேயே காலி. வண்டி எத்திராஜை மெல்ல முட்டி, பானட் மேல் உட்கார வைத்து, நான்கு அடி கூட்டிக்கொண்டு போய்த்தான் நின்றது. பானட்டிலிருந்து இறங்கிய எத்திராஜ் வேட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "நான் நகரல சார். வண்டிதான் என்ன நகர்த்திச்சு."

அன்று வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாது. சத்தம் மூன்று வீடு தாண்டிக் கேட்டது.

மறுநாளே சிவாஜி நகர் குஜிரிச் சந்தைக்குப் போய்ப் பழைய இரும்புக் குவியலைக் கிளறி, முதுகில் காற்றிழுக்கும் பம்ப் வைத்த ஆல்டர்னேட்டர் ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தார். டீசல் வண்டிகளுக்கென்றே வருகிற சாமான். மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, குழாயைக் கன்னத்தில் வைத்தார். கன்னம் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. "ழக்கா ழார், ழக்கா!" என்று குழாயோடு கடையைச் சுற்றி வந்தார். பக்கா என்கிறார் என்று புரிந்துகொண்டு நான் ஓடிப்போய் என்ஜினை அணைத்தேன். ஆராவமுதனைக் கூப்பிட்டு, "ஒரே மிதி சார். எடுத்து எடுத்து மிதிச்சீங்க, கல்லாஸ்," என்று பத்து தடவை சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு வண்டி முட்டாமல் எட்டடி முன்னாலேயே நின்றது. வாசகர்கள் பதற வேண்டாம் என்று இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய இரண்டு நிமிஷம்.

எத்திராஜ் சரிவுக்குக் கீழே வழக்கம்போல நின்றார். வனஜா வீட்டிலிருந்து இறங்கி வந்து, அவர் பக்கத்தில் தோளோடு தோளாக நின்றுகொண்டார்.

"நீ இன்னாத்துக்கு இங்க? வூட்டுக்குப் போ."

"பிரேக்கு பக்கான்னு சொன்னீங்க இல்ல?"

"பக்காதான்."

"அப்ப நானும் நிக்கறேன்."

"வனஜா, தெருவே பாக்குது."

"பாக்கட்டும். நிக்கற வண்டிதான?"

மேலே ஆராவமுதன் ஹாரன் அடித்தார். எத்திராஜ் வனஜாவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அந்த மனிதர் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்றுதான். "ஸ்வல்ப இருங்க சார்!" என்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்திக்கொண்டு மேட்டில் ஓடினார். மூச்சு வாங்க பானட்டைத் தூக்கினார். புதுக் குழாயைப் பிடித்திருந்த கிளாம்பை விரலால் அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. கீழே நின்றுகொண்டிருந்த வனஜாவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்து இன்னும் அரைச் சுற்று முறுக்கினார்.