எண்ணெய் ஏறிய பந்தல்

எங்கள் ஆர்.வி.யை, படுக்கையும் அடுப்பும் உள்ள அந்தப் பயண வண்டியை, எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் குளுகுளுவென்று ஒரு வீடு இருக்க, அதைப் பூட்டிவிட்டு, சக்கரம் வைத்த பெட்டிக்குள் போய் முழங்கையை இடித்துக்கொண்டு தூங்குவதில் என்ன சுகம் என்று வாங்கிய அன்றைக்கே கேட்டேன். என் கணவர் வண்டியில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். பக்கவாட்டில் மேலே சுருண்டு கிடந்த துணி, இரண்டு இரும்புக் கைகளோடு மெல்ல வெளியே நீண்டு, தரையில் நிழலை விரித்தது. "பாத்தியா, நம்ம பந்தல்" என்றார். மற்றவர்கள் அதை ஆனிங் என்பார்கள். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அது பந்தல்தான்.

போன வசந்தத்தில் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இனி மருந்தால் பெரிய பலன் இருக்காது என்று சொன்னார். வழக்கமாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசுகிறவர், அன்றைக்கு எங்களைப் பார்த்துப் பேசினார். எங்காவது போக ஆசை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள் என்றார். ஊருக்குப் போகணும் என்பார் என்று நினைத்தேன். டிக்கெட், வீல்சேர், கோயம்புத்தூரில் யார் ஏர்போர்ட்டுக்கு வருவார்கள் என்று மனசு அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

"ஏரிக்குப் போகணும்" என்றார் அவர். "நம்ம வண்டியில."

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த நேரத்திலும் அந்தத் தகரப் பெட்டியா? வடக்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் வரும் ஒரு ஏரி. மீன்கூட ஒழுங்காகக் கிடைக்காது. வருஷா வருஷம் அதன் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். வேறொன்றும் செய்யமாட்டார்.

டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மருந்தினால் அவர் தோல், வெயில் பட்டால் கொப்பளிக்கும் நிலைக்கு வந்திருந்தது. நிழலை விட்டு நகரக் கூடாது. என் கணவர் வாதத்தில் ஜெயித்துவிட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"அதுக்குத்தான நம்மகிட்ட பந்தல் இருக்கு."

ஆர்.வி.யை வீட்டு முன்னால் நிறுத்திவைக்க எங்கள் ஹெச்.ஓ.ஏ., அதாவது குடியிருப்போர் சங்கம், விடாது. சாமான் ஏற்ற இறக்க ஒரு நாள் கொடுப்பார்கள், அதற்கு மேல் நின்றால் லெட்டர் வந்துவிடும். அதனால் வண்டி ஃப்ரீவேக்கு அப்பால், படகுகளும் ஆர்.வி.க்களும் வரிசையாகத் தூங்கும் ஒரு ஸ்டோரேஜ் லாட்டில் இருந்தது. போய் வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவரைக் காரில் ஏசி போட்டு உட்காரவைத்துவிட்டு நான் போய்ப் பொத்தானை அழுத்தினேன். கைகள் நீண்டன. பாதியில், துணிக்கடையில் ரவிக்கைத் துணி கிழிப்பார்களே, அந்தச் சத்தம் கேட்டது. பந்தலின் வெளி ஓரத்தில், இரண்டு ஆள் கை விரித்த நீளத்துக்கு வானம் தெரிந்தது.

அவர் கார்க் கண்ணாடியை இறக்கி, "கிழிஞ்சுது போ" என்றார்.

அது ஏன் கிழிந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். கடைசியாகப் போனபோது ஏரிக்கரையில் மழை. அவருக்குத் திடீரென்று காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப் போட்டது. பந்தலை ஈரத்தோடு சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். வேறு சமயமென்றால் மறுநாளே விரித்துக் காயவைத்திருப்பார். அந்த விஷயத்தில் அவர் பட்டுப்புடவை வைத்திருக்கும் பெண்களைவிட மோசம். அன்றைக்கு அவ்வளவு காய்ச்சலிலும் வண்டியை லாட்டில் ஒழுங்காக நிறுத்திவிட்டுத்தான், அங்கே விட்டிருந்த என் காரில் ஏறினார். "வீட்டு முன்னாடி விட்டா ஹெச்.ஓ.ஏ.காரன் லெட்டர் போடுவான்" என்றார். அங்கிருந்து நேராக எமர்ஜென்சி. பிறகு ரத்தப் பரிசோதனை, எலும்பு மஜ்ஜை, கீமோ. பந்தலைக் காயவைக்க யாருக்கு நினைப்பு இருந்தது? அது சுருண்ட நிலையிலேயே ஒன்றோடொன்று ஒட்டி மக்கியிருந்தது.

சர்வீஸ் கடைக்குப் போன் செய்தேன். இவ்வளவு பழசானால் துணியையே மாற்ற வேண்டும், சீசன் என்பதால் கம்பெனியிலிருந்து வர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். நான் போனைப் பொத்திக்கொண்டு அவரிடம் சொன்னேன்.

"ஆர்டர் போட்டு வை" என்றார்.

"அவ்ளோ நாள் ஆகுமாங்க."

"அது வர்றப்ப வரட்டும். அதுக்குள்ள நாம டேப்பு போட்டு ஒட்டிக்கலாம்."

ஆர்டர் போட்டேன். என் போன் நம்பரைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண், நம்பரைத் திருப்பிச் சொல்லும்படி கேட்டாள்.

பந்தல் கிழிந்தால் ஒட்டுவதற்கென்றே அகலமான, கண்ணாடி மாதிரி ஒரு டேப் விற்கிறது. மேலே ஒன்று, அடியில் ஒன்று, நடுவில் கிழிசல் என்று ஒட்ட வேண்டும். பக்கத்தில் நின்ற ஒரு பெரிய படகின் நிழலில், தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக அவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பந்தலைத் தாழ்த்திவைத்து ஏணியில் ஏறினேன். ஆபீஸில் ஆட்களை வேலை வாங்கிய பழக்கம் அவரைவிட்டுப் போகவில்லை. இப்படிப் பிடி, அப்படி இழு, நடுவுல காத்துக் குமிழ் விடாதே.

"மேனேஜர் வேலையெல்லாம் ஆபீஸோட" என்றேன்.

"டீம் சரியில்லன்னா மேனேஜர் என்ன பண்ணுவான்?"

மறுநாள் போய்ப் பார்த்தால் மேல் டேப் கல்லுமாதிரி இருந்தது. அடி டேப் நாக்குமாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. டேப்போடு வந்த ஆல்கஹால் துணியால் துடைத்து மறுபடி ஒட்டினேன். அதற்கடுத்த நாளும் தொங்கியது. அன்று ஏணி மேலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மனிதன் கேட்டது ஒரு நிழல். அதைக்கூட என்னால் ஒட்டிக்கொடுக்க முடியவில்லை. இவ்வளவு சோதனை எங்களுக்கு எதற்கு என்று சாமியை நன்றாகத் திட்டினேன்.

திட்டிக்கொண்டே அடித்துணியை விரலால் தேய்த்தேன். விரல் ஒட்டியது. பழுப்பாக, பிசுக்காக ஏதோ வந்தது. மோந்து பார்த்தேன்.

"ஏங்க" என்றேன். "பஜ்ஜி."

விஷயம் இதுதான். நாங்கள் முதல் தடவை போனபோது வண்டிக்குள்ளேயே சமைத்தேன். கடுகு வெடித்த அடுத்த நொடி தலைக்கு மேல் இருந்த ஸ்மோக் அலாரம் ஊரைக் கூட்டிவிட்டது. பக்கத்து வண்டிக்காரர் தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்தார். ரசத்துக்குத் தாளித்தேன் என்பதை அவருக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து அடுப்பு வெளியே வந்துவிட்டது. தாளிப்பது, வறுப்பது, பொரிப்பது எல்லாம் பந்தலுக்கு அடியில். வாழைக்காய் பஜ்ஜி, வெங்காய பஜ்ஜி, அப்பளம், உளுந்து வடை. போன இடத்தில் எல்லாரும் கரியில் இறைச்சி சுட, நாங்கள் மட்டும் எண்ணெய்ச் சட்டி வைத்திருந்தோம். அவர் சட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எடுக்க எடுக்கத் தின்பார். அப்போது பள்ளியில் படித்த எங்கள் மகள், "அம்மா, ஸ்டாப். எவ்ரிபடி கேன் ஸ்மெல் அஸ்" என்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வாள். அந்தப் புகை முழுக்க மேலே போய்ப் படிந்திருக்கிறது. மேல் பக்கம் மழையும் வெயிலும் பட்டுச் சுத்தமாக இருக்க, அடிப்பக்கம் எங்கள் வீட்டு அப்பளச் சட்டி மாதிரி ஆகியிருக்கிறது. இதில் எந்த டேப் ஒட்டும்?

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நான் ஏணியிலிருந்து இறங்கி ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. கண்ணில் தண்ணீரோடு, "எவ்ளோ பஜ்ஜி தின்னிருக்கேன்" என்றார்.

மறுநாள் வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் கொண்டுபோனேன். கிழிசலை ஒட்டித் தேய்க்க ஆரம்பித்ததும் பழுப்புத் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்தது. வாடையும் சேர்ந்து வந்தது. பழைய எண்ணெய், பெருங்காயம், கடலைமாவு. வேறு எங்கேயாவது என்றால் முகம் சுளித்திருப்பேன். வெளுப்பாகத் துணி தெரியத் தெரிய எனக்கு வெறி பிடித்துவிட்டது. முழுப் பந்தலையும் தேய்த்துவிடலாம் என்று பிரஷ்ஷை நீட்டினேன்.

"போதும்மா" என்றார் கீழேயிருந்து. "டேப்பு ஒட்டற அளவுக்குத் தொடச்சா போதும். மத்தத விட்டுடு."

"அழுக்குங்க."

"இருக்கட்டும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருவருமே அழுதிருப்போம். வேண்டிய அளவு மட்டும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, டேப்பை ஒட்டி, வீட்டிலிருந்து கொண்டுபோன சப்பாத்திக் கட்டையால் அழுத்தி அழுத்தி உருட்டினேன். இந்த முறை பிடித்துக்கொண்டது.

சான் ஹோசேயிலிருந்து மகள் லீவு போட்டு வந்தாள். அப்பாவிடம் அந்த வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள்தான். லாட்டிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து வீட்டு முன்னால் நிறுத்தினாள். மறுநாள் காலை கிளம்ப வேண்டும். தண்ணீர், மாத்திரை, தலையணை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அவரை மட்டும்தான் ஏற்ற முடியவில்லை. நான் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். முதல் படியில் கால் வைத்தார். இரண்டாவது படியில் முழங்கால் மடிந்துவிட்டது.

"எறக்கி விட்டுடுங்க" என்றார்.

"அப்பா, வீ கேன் கோ நெக்ஸ்ட் வீக்" என்றாள் மகள். அடுத்த வாரம் முடியாது என்பது அவளுக்கும் தெரிந்தே இருந்தது.

"பந்தல விரி" என்றார் அவர்.

டிரைவ்வேயிலேயே விரித்தேன். கராஜ் கதவைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தோம். ஒட்டுப்போட்ட இடம் வெயிலில் பளபளத்தது. கீழே ஒரு பொட்டு வெளிச்சம் விழவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஹெச்.ஓ.ஏ. கமிட்டியில் இருப்பவர். நாயோடு வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார். பிறகு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு நடந்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் என் கணவர். "தண்ணிதான் இல்ல."

மகள் போய்ப் புல்வெளி ஸ்பிரிங்க்ளரைத் திருகிவிட்டாள். தண்ணீர் சுற்றிச் சுற்றி விழ, அவர் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்பு எங்க?" என்றார்.

"எண்ணெ வாடை உங்களுக்கு ஆகாதேங்க. வாந்தி வரும்."

"எனக்குத் திங்க வேணாம். வாட வரட்டும்."

வாழைக்காய் சீவி, மாவு கரைத்து, அந்தப் பந்தலுக்கு அடியில் சட்டி வைத்தேன். மகள் அவர் காலடியில் உட்கார்ந்து, சுடச்சுட ஒவ்வொன்றாகத் தின்றாள், தின்றுகொண்டே அழுதாள். நான் அரித்தெடுத்துப் போட்ட ஒன்றை அவர் ஒரு பேப்பர் நாப்கினில் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோவார் என்று பயந்தேன். என் பக்கம் நீட்டினார்.

"அடுப்ப அணச்சுட்டு உக்காரு. இத்தன வருஷத்துல நீ சூடா ஒண்ணு தின்னு நான் பாத்ததே இல்ல. போட்டுட்டேதான் இருந்த."

உட்கார்ந்தேன். நாக்குச் சுடச்சுடத் தின்றேன். அவர் நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏரியைப் பார்ப்பாரே அதேபோல.

ஜூன் முடிவதற்குள் போய்விட்டார்.

ஆகஸ்டில் ஒரு நாள் சர்வீஸ் கடையிலிருந்து போன். உங்கள் துணி வந்துவிட்டது, எப்போது மாட்டிக்கொடுக்கலாம் என்று அதே பெண் உற்சாகமாகக் கேட்டாள். எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. பாவம், அவள் என்ன செய்வாள். லாட்டுக்கு வந்தால் ஒரே காலையில் முடித்துவிடுவோம், பழையதை நாங்களே எடுத்துப் போட்டுவிடுகிறோம் என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும், வேண்டாம், புதியதைப் பெட்டியோடு கொடுத்துவிடுங்கள், பழையதைத் தொடாதீர்கள் என்று கத்தியேவிட்டேன். பெட்டி இப்போது கராஜில், பிரிக்காமல் கிடக்கிறது. வண்டியை விற்றுவிடும்படி மகள் இதமாகச் சொல்லிப் பார்க்கிறாள். எனக்கு அதை ஓட்டக்கூடத் தெரியாது என்பது உண்மைதான்.

சில மதியங்களில், மகள் வண்டியைத் திரும்ப விட்டுவிட்டுப் போன லாட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போகிறேன். பொத்தானை அழுத்திப் பந்தலை விரித்து, அவருடைய மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காருகிறேன். டெக்சாஸ் வெயில் துணியில் ஏறி அது சூடாகச் சூடாக, பஜ்ஜி வாடை மெல்ல இறங்குகிறது. நான் ஒட்டிய இடம் இன்னும் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓரத்தில் நான் தேய்த்துத் தேய்த்து வெளுக்கவைத்த அந்தப் பட்டைக்குக் கீழே மட்டும் எந்த வாடையும் வருவதில்லை. நாற்காலியை அங்கிருந்து தள்ளிப் போட்டுத்தான் உட்காருகிறேன்.