ரஃபீக் பாயும் ரோஸ் நிறப் பொட்டும்

ரஃபீக் பாய் போய்விட்டார் என்ற செய்தி எஸ்.எம்.எஸ்ஸில் வந்தது. தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். அனுப்பியவர் நம் துப்பாக்கி சுடும் கழகத்தின் தலைவர். மாரடைப்பு, ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. "அப்பாடா, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை" என்றுதான் தோன்றியது. அடுத்த நொடியே சீ என்று ஆகிவிட்டது. கழகத்து நண்பர்களே, அந்த "அப்பாடா" எதற்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர் பாய். நம்மிடம் இருந்த ஒரே வெளிநாட்டு ஏர் ரைஃபிளுக்கு அவர்தான் காவல். அலமாரிச் சாவி அவரிடம் இருக்கும். ரைஃபிளின் இரும்புப் பகுதியை மரக்கட்டையோடு பிணைக்கும் இரண்டு திருகுகள் அடிப்பக்கத்தில் உண்டே, அவற்றின் தலையில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பார். பாதி திருகின் மேல், பாதி கட்டையின் மேல். யாராவது திருகைத் தொட்டால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஃபேன்சி ஸ்டோரில் நின்று நெயில் பாலிஷ் வாங்கும் ஒரே ஆம்பளை என்று அவரை எவ்வளவு ஓட்டியிருப்போம். "கம்பெனில பசை போட்டு முடுக்கின ஸ்க்ரூ சார் அது. சூடு காட்டாம கைய வெச்சா தலை போயிடும்" என்பார். நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, மாவட்டப் போட்டிக்கு முந்தைய ஞாயிறு. பாய்க்கு அன்று ஷிப்டு. சாவியைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நாலைந்து பேர் சுட்டோம். என் குண்டுகள் எல்லாம் இடது பக்கமே போயின. என் கை சரியில்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ரைஃபிள்தான் லூசு என்று முடிவு கட்டினேன். நான் பூட்டிக்கொள்கிறேன் என்று தலைவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் கிளம்பியபின், வீட்டுக் கம்ப்யூட்டர் மேசையோடு வந்த பழைய ஆலன் கீயை, அந்த வளைந்த ஆறுபட்டைக் கம்பியை, முன் திருகின் தலைப் பள்ளத்தில் செருகினேன். கீ சரியாக உட்காராமல் கொஞ்சம் ஆடியது. ஆடினால் என்ன, கழற்றி மறுபடி முடுக்கிவிடலாம் என்று முழு பலத்தோடு அழுத்தித் திருப்பினேன். திருகு கால்சுற்று தளர்ந்து, அதன் உள்பள்ளம் உருண்டு மொழுமொழுவென்று ஆகிவிட்டது. அதன்பின் முடுக்கவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை.

அப்போதாவது போன் செய்திருக்கலாம். நான் செய்தது என்ன தெரியுமா? சேலையூரில் இருக்கும் என் வீட்டுக்குப் போய், மகளின் நெயில் பாலிஷை எடுத்துவந்து, உடைந்த பொட்டின் மேல் புதுப் பொட்டு வைத்தேன்.

போட்டியன்று நம் அணியின் குண்டுகள் எங்கெங்கோ போனது உங்களுக்கு நினைவிருக்கும். கடைசி இடம். மாலையில் பாய் ரைஃபிளைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். உதவிக்கு வருகிறேன் என்று நானாகவே ஒட்டிக்கொண்டேன். "கெட்டியா புடிங்க சார்" என்றார். சால்டரிங் இரும்பை அந்தத் திருகின் மேல் வைத்துப் பசை இளகும்வரை பொறுத்திருந்தார். பிறகு சற்றே பெரிய நட்சத்திர வடிவ ஸ்க்ரூடிரைவர் முனை ஒன்றை அந்த உருண்ட பள்ளத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கித் திருப்பினார். திருகு சத்தமில்லாமல் வெளியே வந்தது. கட்டையின் மேல் மிஞ்சியிருந்த பாதிப் பொட்டை விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"இது ரோஸு சார். நம்மளுது செவப்பு."

"வெயில்ல வெளுத்திருக்கும் பாய்" என்றேன். அலமாரிக்குள் ஏது வெயில்? அவர் அதைக் கேட்கவில்லை.

மறுவாரம் கமிட்டி கூடியது. கம்பெனி ஆள் என்று நம்பிக் கொடுத்தோமே என்றார் ஒருவர். நானும் தலையாட்டினேன். "ரைஃபிள் என் பொறுப்பு. வேற யாரையும் கேக்க வேணாம்" என்று பாய் சாவியை மேசைமேல் வைத்தார். அடுத்து யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது அவரே என்னைக் காட்டிச் சொன்னார்: "சார்கிட்ட குடுங்க. இனிமே ஜாக்கிரதையா பாத்துக்குவாரு." நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நான் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அதற்குப்பின் ரைஃபிளைத் துடைக்கும்போதெல்லாம் அவர் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டாலும் வரமாட்டார்.

ஒரு பொங்கல் சமயம். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் கூட்டத்தில் இருவரும் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டோம். பேச்சுவாக்கில் என் முகத்தைப் பார்த்து, "இன்னா சார், எதுனா சொல்லணுமா?" என்றார். நாக்கு நுனிவரை வந்தது. "பஸ் வருமான்னு தெரியலையே பாய்" என்றேன். சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

அடக்கம் முடிந்து கபர்ஸ்தான் வாசலில் அவர் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன் உங்கள பத்தித்தான் சார் பேசிக்கினே இருப்பாரு. ஞாயித்துக்கெழம ஆனா சட்டைய மாட்டிக்கினு, இன்னிக்கு சார் சொல்லிடுவாருன்னுட்டு கெளம்புவாரு. வூட்டுக்கு வந்ததும், சொன்னாரான்னு அண்ணி கேக்கும். பாவம், அடுத்த வாரம் சொல்லுவாருன்னுவாரு. இன்னா சார் அது?"

ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். அப்போதும் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். மனுஷனா நான்?

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது தம்பியின் அந்தக் கேள்வி ஒன்றுதான். தம்பிக்கும் இதை அனுப்புகிறேன். தம்பி, அந்தத் திருகைக் கெடுத்தது நான். உங்கள் அண்ணன் இல்லை. இதை முதலில் அண்ணிக்குப் படித்துக் காட்டுங்கள்.