அப்பா மறைத்த என் தொழில்

எங்கள் குடும்பத்தில் பள்ளியைத் தாண்டிப் படித்தது நான் ஒருத்திதான். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒரு பிரிவு உண்டு. உடம்பைப் பிடித்துவிடும் சிகிச்சை. தட்டல், இறுக்கல், முறுக்கல், இழுத்தல் என்று ஒன்பது வகையாக அதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வகுப்பில் அதைக் கேட்ட அன்று, இவ்வளவு பழைய ஒரு வேலைக்கு நானும் உரியவள் என்று கர்வமாக இருந்தது. இப்போது சேலத்தில் ஒரு சிகிச்சை நிலையத்தில் பெண்களுக்கு அதைச் செய்கிறேன்.

அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டுகிறவர். போர் போட வெளிமாநிலம் போனவர், போன வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டு குனிந்தபடியே வீடு வந்து சேர்ந்தார். எலும்பில் கோளாறு இல்லை, தசை இறுக்கம்தான் என்று டாக்டர் சொன்ன பிறகே கை வைத்தேன். மூன்று வாரம், தினமும் நான் வேலைக்குப் போகுமுன், வெதுவெதுப்பான எண்ணெயோடு. எலும்பு தேய்ந்திருந்தால் அதை இது வளர்த்துவிடாது. இறுகியது தளரும், ரத்தம் ஓடும், தூக்கம் வரும். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"என்ற புள்ள கை பட்டாப் போதுமுங்க, ஊசியே வேண்டாம்" என்று ரிக் ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

தை மாதம் எருமப்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "புள்ளைக்கு என்ன வேலைங்க?"

"சித்த ஆசுபத்திரிலீங்க. ஏசி ரூம்புல உக்காந்து எழுத்து வேலை" என்றார் அப்பா.

காபித் தட்டோடு நின்றிருந்த நான், "இல்லீங்கம்மா. உடம்பு புடிச்சு உடற தெரபிஸ்ட் நானு" என்றேன்.

அப்பா சிரித்தார். "வெளையாடுதுங்க. என்ற புள்ள யாரு மேலயும் கை வெக்காதுங்க."

"நல்லவேளை, மசாஜ் பார்லரோன்னு பயந்துபோட்டேன்!" என்றார் மாப்பிள்ளையின் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். கடைசிவரை சிரித்தவர் அப்பா.

இரண்டு நாள் கழித்து இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். "சம்மதம்னுட்டாங்க சாமி. கலியாணத்துக்கப்பறம் வேலைய உட்டுப்போடோணுமாம். சரின்னுட்டேன்."

"என்னையக் கேட்டீங்களா?"

"ஊரு என்ன பேசுமுன்னு உனக்குத் தெரியாது."

"உங்க இடுப்பப் புடிச்சு உட்டப்ப ஊரு எங்கீங்க போச்சு?"

"அது ஊட்டுக்குள்ள."

அவ்வளவுதான் சொன்னார். நான் படித்ததும் பாஸானதும் அந்த ஊட்டுக்குள்ளே மட்டும்தான் செல்லும் என்று அவர் நினைத்திருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை.

அவருடைய போனை எடுத்து மாப்பிள்ளையின் அம்மாவை நானே கூப்பிட்டேன். அப்பா தடுக்க எழுந்தார்; அதற்குள் பேசிவிட்டேன்.

"அம்மா, அன்னிக்கு நான் சொன்னதுதானுங்க நெசம். வேலைய உடமாட்டேனுங்க."

 "உங்கப்பாரு அப்படிச் சொல்லலியே சாமி" என்றார் அந்த அம்மா.

"ஆமாங்க. எனக்கு அதாங்க வருத்தம்" என்றேன்.