மூடிய கைக்குள் ஒரு சங்கு

1998இல் காணும் பொங்கல் வெள்ளிக்கிழமை வந்தது. திண்டிவனத்தில் பஸ் ஏறி, புதுச்சேரியில் மாறி, நானும் மனைவியும் ஆறு வயது மகளும் பொம்மையார்பாளையம் கடற்கரையில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. கிளிஞ்சல் பொறுக்குவதில் எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. கிடைத்ததில் எது உசத்தியோ அதைக் கரையில் யாருக்கும் காட்டக் கூடாது. வீட்டுக்கு வந்து செய்தித்தாளை விரித்த பிறகுதான் கையைத் திறக்க வேண்டும். விதியைப் போட்டவன் நான்தான்.

மீனவர்கள் வலை உதறியிருந்த இடத்திலிருந்து மகள் வலது கையை மூடிக்கொண்டு ஓடி வந்தாள். விரலிடுக்கில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. கூம்பு வடிவச் சங்கு, ஈரம்கூடக் காயவில்லை. நூலகத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. இந்த வகையில் சில, உயிரோடிருந்தால், குறுகிய முனையிலிருந்து ஊசி போன்ற ஒன்றை நீட்டிக் குத்தும். ஆள் செத்ததும் உண்டு. குத்திய இடம் முதலில் மரத்துப்போகும்.

“எங்க, காட்டு பாப்பம்,” என்றேன்.

“ஐய, ஆசையப் பாரு. வீட்டுக்குப் போய்த்தான்.” இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

பிடுங்கப் போனால் அழுத்திப் பிடிப்பாள். கத்தினால் ஓடுவாள். மனைவியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவள் உடனே பையிலிருந்த வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்; வேர்க்கடலை என்றால் மகளுக்கு உயிர்.

“இந்தாடி, வா. ரெண்டு கையும் ஏந்து.”

மகள் இடது கையை மட்டும் நீட்டினாள்.

“ஒத்தக் கையா? அப்ப ஒத்தக் கை அளவுதான். மீதிய உங்கப்பா மொக்கிடுவாரு.”

மகள் என்னைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, சங்கைத் தன் பாதங்களுக்கு நடுவே மணலில் வைத்து, “யாரும் பாக்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் குவித்தாள். சங்கின் முனைக்கும் அவள் கால் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு விரற்கடைதான். மனைவி அவளை அக்குளில் பிடித்து அப்படியே தூக்கினாள். மல்லாட்டை சிதறியது. நான் செருப்பைக் கழற்றிச் சங்கைத் தள்ளினேன்.

“ரெண்டு பேரும் கூட்டு சேந்துக்கினு ஏமாத்துறீங்க,” என்று அழுதாள் மகள்.

சங்கின் குறுகிய முனையிலிருந்து குழாய் போல ஒன்று மெல்ல நீண்டு மணலைத் தடவியது. அழுகை நின்றது. அலை வந்து எடுத்துப் போகும்வரை செருப்பாலேயே அதைத் தள்ளிக்கொண்டு போனேன்.

திரும்பும் பஸ்ஸில் மகளின் வலது கையை எடுத்து விரல் விரலாக அழுத்தினேன்.

“தொடுறது தெரியுதா?”

கோபத்தில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கிளியனூர் தாண்டியும் நான் விடவில்லை. உள்ளங்கையில் நகத்தால் லேசாகக் கீறினேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“கூசுதுப்பா.”

மனைவி அப்போதுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.