வரைபடத்தில் தளும்பும் ஏரி

ஜூலை, திங்கட்கிழமை காலை. மெரிலேண்ட்ஸிலிருந்து சிட்னி விமான நிலையத்துக்கு டாக்சி நூறு டொலர். சதுப்பு நிலம் பார்க்கக் கனடா போகிறேன் என்றதும் ஓட்டுநர் சிரித்தார். மழை பெய்தால் தன் வீட்டுப் பின்பக்கமே போதும் என்றார். பரமட்டா அலுவலகத்தில் உட்கார்ந்து, விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, அந்த நாட்டின் வடகோடி ஆறுகளை வருடக்கணக்காக வரைபவன் நான். ஒன்றிலும் கால் நனைத்ததில்லை. வரைந்தது சரிதானா என்று பார்த்துவர இப்போதுதான் அனுப்பினார்கள்.

வான்கூவர், வினிபெக், தாம்சன். அங்கிருந்து தண்ணீரில் இறங்கும் சிறு விமானம். வியாழன் மதியம் கீழே பார்த்தால், நான் வரைந்த ஆறு ஒரு வளைவும் பிசகாமல் ஓடியது. பெருமையாகத்தான் இருந்தது. ஏரி இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் புல். விமானி முணுமுணுத்துக்கொண்டே ஆற்றில் இறக்கினார்.

அழைத்துப்போக வந்தவர் மேரி. அந்த ஏரியில் மீன் பிடித்துக் குடும்பம் நடத்திய பழங்குடிப் பெண். அடியில் காலங்காலமாக உறைந்து கிடந்த நிலம் உருகி, கரை உடைந்து, ஏரி முழுவதும் ஆற்றோடு போய்விட்டதாம். கொசு பிய்த்தெடுக்கச் சேற்றில் நடந்தோம். அவருடைய படகு புல்லுக்குள் கிடந்தது. இரவு உணவு டின் இறைச்சி. விருந்தாளிக்கு மீன் தர முடியவில்லையே என்று அவர் வெட்கப்பட்டது எனக்குத் தாங்கவில்லை.

வேறிடம் போய்ப் பிழைக்க உதவி கேட்டு அலைந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் வரைபடத்தைத் திறந்து, ஏரிதான் இருக்கிறதே என்கிறார்களாம்.

“நீங்கள்தானே வரைந்தீர்கள்? நீங்களே அழித்துவிடுங்கள்” என்றார். அழிப்பதாக வாக்குக் கொடுத்தேன். ஞாயிறுவரை தங்கி அளந்தேன், படமெடுத்தேன்.

அடுத்த வாரம் பரமட்டாவில் எங்கள் மேலாளர் சிறி அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, நீர் சொல்லுறது விளங்குது. ஆனா வேலை குடுத்த கனடாக்காரர் தந்த பழைய படத்தில ஏரி இருக்கு. அதைப் பாத்துத்தான் கீறவேணும் எண்டு ஒப்பந்தம்.”

“அப்ப என்னை ஏன் அனுப்பினீங்கள் அண்ணை?”

“ஆள் போய்ப் பாக்கவேணும் எண்டும் ஒப்பந்தத்தில இருக்கு.”

சண்டை பிடித்தேன். மேலிடத்துக்கு எழுதினேன். ஒன்றும் அசையவில்லை. பரமட்டாவில் ஒரு பஸ் நிறுத்தம் இடம் மாறினால் கைபேசி வரைபடம் உடனே மாறுகிறது. அங்கே ஓர் ஏரியே போயும் ஒருவருக்கும் அவசரமில்லை.

சென்ற வாரம் புதிய வரைபடம் வெளியானது. ஏரி நீலமாகத் தளும்புகிறது. ஏரியை யாரும் நேரில் வந்து பார்க்கவில்லை என்றாவது மேரியால் இதுவரை வாதாட முடிந்தது. இப்போது வரைபடத்தின் ஓரத்தில், நேரில் சென்று சரிபார்க்கப்பட்டது என்று போட்டு, அதன் கீழே என் பெயரை அச்சிட்டிருக்கிறார்கள்.